வாயைக் கட்டினால் போதுமா?

உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவரைப் பார்த்து, 'வாயைக் கட்டத் தெரியாமல் குறுக்குவழியில் போய்விட்டார்' என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. இது அநியாயமான பேச்சு. 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் கடும் பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் இளைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்களின் உடல் ஓய்வில் எரித்த சக்தியோ, அந்த உடல்வாகுக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சராசரியாக 500 கலோரி குறைவு! மனவுறுதிக்குக் குறைவில்லாதவர்கள்தான்; ஆனால் அவர்களுடைய உடலே எதிர்த்து நின்றது.

அறுவை சிகிச்சை இந்த எதிர்ப்பைத்தான் தணிக்கிறது. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேற்பகுதியும் சேர்ந்தே போவதால், பசியும் மட்டுப்படுகிறது.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. தையல் கசியலாம், எடை ஓரளவு திரும்பலாம். வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும்; தொடக்க வாரங்களில் தண்ணீரைக்கூட மிடறு மிடறாகத்தான் குடிக்க முடியும். இதையா குறுக்குவழி என்பது? சிகிச்சை பெறாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். 1987இல் தொடங்கிய ஒரு ஸ்வீடன் ஆய்வு உடல் பருமன் உள்ள நாலாயிரம் பேரைச் சுமார் 11 ஆண்டுகள் கண்காணித்தது. அறுவை சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு, பெறாதவர்களைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவாக இருந்தது.