ஒளியை உண்ணும் கடல்

நுழையும்முன்

கடலின் உணவு கதிரவனிடமிருந்து தொடங்குகிறது. ஒளியின் அளவு மாறும்போது உண்பவையும் உண்ணப்படுபவையும் மாறுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத அம்மாற்றம் மீனவர் வலையிலும் மக்கள் உணவிலும் வெளிப்படும் வகையை விளக்குகிறது இப்பாடம்.

சந்தையில் முடியும் சங்கிலி

கூவம் ஆற்றங்கரையில் 18ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக உருவானது சிந்தாதிரிப்பேட்டை. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே இவ்வாறு மருவியது என்பர். இன்று அவ்வூர் மீன் சந்தைக்குப் பெயர்பெற்றது. அங்கு விற்கப்படும் வஞ்சிரம், சிறுமீன்களை உண்டு வளர்ந்தது. சிறுமீனாகிய நெத்திலி, துடுப்புக்காலிகள் முதலிய விலங்கு மிதவை உயிரிகளை உண்டது. அவற்றுள் பல, தாவர மிதவை உயிரிகளை மேய்ந்தன. தாவர மிதவை உயிரிகளோ ஒளியைக்கொண்டு தம் உணவைத் தாமே ஆக்கின. புவியில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இந்நுண்ணுயிரிகளால் நடைபெறுகிறது.

ஒளி எட்டும் எல்லை

கடல்நீர் ஒளியை விரைந்து விழுங்கிவிடும். சிவப்பொளி மேற்பரப்பிலிருந்து சில மீட்டர்களுக்குள் பெரிதும் மறைகிறது. நீலவொளியே ஆழத்திற்குச் செல்கிறது. மேற்பரப்பு ஒளியில் ஒரு விழுக்காடு மட்டும் எஞ்சும் ஆழமே ஒளிச்சேர்க்கைக்குரிய எல்லையாகக் கொள்ளப்படுகிறது. தெளிந்த நடுக்கடலில் அது 200 மீட்டர் வரையிலும் நீளலாம். வண்டல் கலந்த கரையோரத்தில் மிகவும் சுருங்கிவிடும்.

வங்கக்கடல் இதற்குத் தக்க சான்று. கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருட்டிணா முதலிய ஆறுகள் நன்னீரையும் வண்டலையும் அதில் சேர்க்கின்றன. உப்புக் குறைந்த நீர் மேலே படிந்து, ஆழத்திலுள்ள ஊட்டச்சத்துகள் மேலெழாமல் தடுக்கிறது. வண்டலும் பருவமழைக்கால மேகமும் ஒளியைக் குறைக்கின்றன. ஆகவே, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரபிக்கடலைவிட வங்கக்கடலின் உயிர் உற்பத்தி குறைவாக உள்ளது.

வளர்ச்சியும் மேய்ச்சலும்

தாவர மிதவை உயிரிகளின் தொகை, வளர்ச்சிக்கும் மேய்ச்சலுக்கும் இடையிலான கணக்கைப் பொறுத்தது. ஒளியும் ஊட்டச்சத்தும் நிறைந்தால் வளர்ச்சி மேய்ச்சலை விஞ்சும். நீர் பச்சை நிறம் கொள்ளும். ஒளி குன்றினால் வளர்ச்சி தளரும். மேய்ச்சலோ உடனே நின்றுவிடாது. அப்போது உண்ணப்படுபவை குறைந்து, பின்னர் உண்பவையும் குறையும்.

மேயும் நேரத்தையும் ஒளியே வரையறுக்கிறது. பகலில் பார்வையால் இரைதேடும் மீன்களுக்கு அஞ்சி, துடுப்புக்காலிகளுள் பல இருண்ட ஆழத்தில் தங்குகின்றன. அந்தி சாய்ந்ததும் மேலெழுந்து இரவெல்லாம் மேய்கின்றன. விடியுமுன் மீண்டும் கீழிறங்குகின்றன. உலகக் கடல்களில் நாள்தோறும் நிகழும் இப்பயணமே புவியின் மிகப்பெரிய விலங்கு இடப்பெயர்ச்சி எனப்படுகிறது.

சில உயிரிகள் இருவகையாலும் உணவு பெறுகின்றன. நாக்டிலூக்கா என்னும் ஒற்றைச்செல் உயிரியின் பசுமை வகை, தன்னுள் பாசிகளை வாழவைத்து அவை ஆக்கும் உணவைப் பெறுகிறது. பிற மிதவை உயிரிகளையும் விழுங்குகிறது. அதன் செவ்வகை, இரையை உண்டே வாழ்கிறது. 2019 ஆகத்தில் சென்னைக் கடற்கரையில் இரவு அலைகள் நீலமாய் ஒளிர்ந்ததற்கு நாக்டிலூக்காவே காரணமாகக் கூறப்பட்டது.

சென்னைக் கடலின் ஆய்வு

இவ்வுயிரிகளைப் பற்றிய ஆய்வில் சென்னைக்கு நெடிய மரபு உண்டு. கே. எஸ். மேனன் 1931இல் சென்னைக் கடலின் மிதவை உயிரிகளைப் பற்றிய தொடக்கநிலை ஆய்வை வெளியிட்டார். ஆர். சுப்பிரமணியன் 1946இல் சென்னைக் கரையோர டயட்டம் பாசிகளை வகைப்படுத்தி விரிவாக எழுதினார்.

இருளும் தேவை

இரவுக்கடலில் செயற்கை விளக்கு ஒளிர்ந்தால் இவ்வொழுங்கு குலைகிறது. ஒளியை நாடிச் சிற்றுயிர்களும் அவற்றைத் தொடர்ந்து மீன்களும் மீன்குஞ்சுகளும் திரள்கின்றன. திறன்மிக்க எல்இடி விளக்குகளால் அவற்றை மொத்தமாக வாரினால், மறுபருவத்திற்கு வளரவேண்டிய மீன்வளம் அழியும். சிறுபடகு மீனவரின் வாழ்வும் நலியும். இதனால் நடுவணரசு இத்தகைய மீன்பிடிப்பை 2017இல் தடைசெய்தது.

பகலின் ஒளி கடலுக்கு உணவூட்டுகிறது. இரவின் இருள் அவ்வுணவைப் பகிர்ந்தளிக்கிறது. இவ்விரண்டும் தத்தம் பொழுதில் நிலைத்தால்தான் சந்தைக்கூடைகள் நிறையும்.