சுரத்தில் வரும் வலிப்பு

2022-ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், உத்திரமேரூரை அடுத்த கிராமத்திலுள்ள எம் இல்லத்தில், பதினெட்டு மாதம் நிரம்பிய பேரப்பிள்ளைக்கு மாலையில் உடம்பு சுட்டது. இரவு எட்டு மணியளவில் கண்கள் மேலே செருகின. கைகால்கள் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தன. உதடு நீலம் பாய்ந்தது. வீட்டிலிருந்தோர் அனைவரும் குழந்தை போய்விட்டது என்றே அலறினோம். ஒருவர் பெட்டிச் சாவியைக் கையில் திணித்தார். மற்றொருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் பிடித்தார். நாமோ பல்லிடையே கரண்டிக் காம்பை நுழைத்தோம். இழுப்பு தானாகவே நின்றது. மிஞ்சியது உடைந்த ஒரு பால்பல்லும் ஈறெல்லாம் இரத்தமுமே. அந்தப் பல்லை உடைத்தது வலிப்பன்று, நாம்தான். இக்குறை நேர்ந்ததனாலேயே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குச் சுரத்தோடு வலிப்புக் காண்கிறது. வளர்ந்துவரும் மூளை, சூடு ஏறும்போது சிறிது நேரம் நிலை தடுமாறுகிறது. நான்கைந்து வயதாகி மூளை முதிர்ந்ததும் இக்குணம் பெரும்பாலும் அகன்றுவிடுகிறது. தந்தைக்கோ தாய்க்கோ உடன்பிறந்தாருக்கோ சிறு வயதில் இவ்விதம் வந்திருப்பதும் உண்டு. எனவே “மருமகள் வந்த வேளை” என்று பழி கூறுவோர், முதலில் தம் மகனுடைய குழந்தைப் பருவத்தைச் சற்று நினைத்துப் பார்ப்பது நலம். எம் வீட்டில் அப்படி நினைத்துப் பார்த்தபோது, பிள்ளையின் தகப்பனுக்கே இரண்டு வயதில் “ஜன்னி” கண்டு மந்திரித்த கதை வெளிவந்தது!

இது காக்காய் வலிப்பாக மாறுமோ என்பதே எல்லோரையும் வாட்டும் கேள்வி. அமெரிக்காவில் நெல்சன், எல்லன்பர்க் என்னும் இருவர், சுர வலிப்புக் கண்ட 1,706 குழந்தைகளை ஏழு வயது வரை தொடர்ந்து கவனித்து, 1978-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவ்வலிப்பினால் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. ஒரு குழந்தைக்கும் கைகால் நிரந்தரமாக முடங்கவில்லை. சாதாரணமாக எக்குழந்தைக்கும் பின்னாளில் வலிப்பு நோய் வரக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. சுர வலிப்பு எளிய வகையாக வந்த குழந்தைக்கு அது ஏறக்குறைய இரண்டு.

எளிய வகை என்பது யாது? உடல் முழுதும் இழுக்கும். பதினைந்து நிமிஷத்திற்குள் நிற்கும், பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்திலேயே நின்றுவிடும். இருபத்துநான்கு மணி நேரத்தில் மறுபடி வராது. ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலும், நீடித்தாலும், அன்றே திரும்பினாலும் அது வேறு வகை; டாக்டர் கூர்ந்து பார்க்க வேண்டியது.

இனி, மறுபடி வருமா என்றால், மூன்று குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. முதல் வலிப்பு ஒரு வயதுக்குள் வந்திருந்தால் இரண்டில் ஒன்றுக்கு. திரும்ப வருபவற்றில் பெரும்பாலானவை ஓராண்டிற்குள்ளேயே வந்துவிடுகின்றன. எம் பேரனுக்கு 2023 மாசியில் இரண்டாம் முறையும், ஆனியில் மூன்றாம் முறையும் வந்தது. இரண்டாம் முறைக்குப் பிறகு குழந்தையின் தாய் இரவெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடியே விழித்திருந்தாள். பாவு ஏற்றிய தறி பல நாள் அப்படியே கிடந்தது. இந்நோயினால் குழந்தைக்கு நேரும் தீங்கைக் காட்டிலும் வீட்டாருக்கு நேரும் தீங்கே பெரிது என்பது எம் கருத்து.

சுர மருந்தை முந்திக் கொடுத்து வலிப்பைத் தடுத்துவிடலாம் என்று அவள் நம்பினாள், நாமும் நம்பினோம். ஃபின்லாந்து தேசத்தில் 231 குழந்தைகளிடம் செய்து 2009-இல் வெளியிட்ட சோதனை, சுர மருந்துகளால் அடுத்த சுரத்தின் வலிப்பு தடைப்படவில்லை என்று காட்டிற்று. சுரம் இருப்பது தெரியுமுன்னரே வலிப்பு வந்துவிடுவதும் உண்டன்றோ! ஆகையால் வலிப்பு வந்தது தாயின் கவனக்குறைவால் அன்று. பாரசிட்டமால் கொடுப்பது குழந்தையின் உடல் நோவு தணிவதற்கே. அளவு, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு முறைக்கு மேற்படாமல் கொடுக்கலாம். இங்கே ஒரு கண்ணி உண்டு. கடையில் கிடைக்கும் சிரப்பு ஒன்றில் 5 மில்லியில் 125 மில்லிகிராமும், மற்றொன்றில் 250-உம் இருக்கின்றன. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. பத்துக் கிலோ குழந்தைக்கு முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டில் ஒன்றரை மில்லி. புட்டி மாறினால் அளவு இரட்டிப்பாகிவிடும்; சொட்டு மருந்தைச் சிரப்பு என்று ஊற்றினாலோ நான்கு மடங்காகிவிடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது.

வலிப்பு வரும்போது செய்யத்தக்கவை சிலவே. குழந்தையைத் தறிக்குழி, அடுப்பு, கிணற்றுமேடை இவற்றினின்று அகற்றிச் சமதரையில் ஒருக்களித்துக் கிடத்துக. கழுத்தருகே இறுகும் துணியைத் தளர்த்தி, வாயோரத்து நுரையைத் துடைத்துவிடுக. வாயில் கரண்டியோ, விரலோ, தண்ணீரோ, மருந்தோ புகுத்தலாகாது. இழுக்கும் கைகால்களை அமுக்கிப் பிடித்தலும், கம்பளி போர்த்துதலும், சூடு போடுதலும் கூடாதவை. இரும்புச் சாவியால் தீமை இல்லை, பயனும் இல்லை. எல்லாவற்றினும் முதன்மையானது கடிகாரத்தைப் பார்ப்பதே. அச்சத்தில் ஒரு நிமிஷம் கால் மணியாகத் தோன்றும். மூன்றாம் முறை நாம் மணி பார்த்தோம். ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. முதல் இரண்டு முறையும் அரைமணி இழுத்தது என்றே டாக்டரிடம் கூறியிருந்தோம்!

ஐந்து நிமிஷம் கடந்தால் காத்திராமல் 108-ஐ அழைத்தல் வேண்டும். வலிப்பு நின்ற பின்னும் நினைவு திரும்பாமை, கழுத்து விறைப்பு, உச்சிக்குழி உப்பல், மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, ஆறு மாதத்திற்குட்பட்ட வயது இவற்றில் ஒன்று இருப்பினும் அவ்வாறே. முதல் முறை வரும் வலிப்பை, அது தானே நின்றுவிட்டாலும், அன்றே டாக்டரிடம் காட்டுவது தவிர்க்கலாகாதது. மூளைச் சவ்வுக் காய்ச்சலும் இதே வேடத்தில் வரக்கூடும். ஐயம் இருந்தால் முதுகெலும்பில் நீர் எடுக்கச் சொல்வார்கள். அதனால் பிள்ளை முடமாகும் என்னும் அச்சம் நம் பக்கத்தில் ஊறிக் கிடக்கிறது, அது உண்மையன்று. மாறாக, எளிய வகை வலிப்பு வந்து தெளிந்த குழந்தைக்குத் தலை ஸ்கேனும் மூளை மின்பதிவும் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. கூலியை முன்பணமாக வாங்கியேனும் ஸ்கேன் எடுப்போம் என்று புறப்படுமுன், எதற்காக என்று கேட்பது குற்றமாகாது.

அடிக்கடி வரும் பிள்ளைக்கு, சுரம் காணும் இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டும் குளோபசாம் மாத்திரை தருவதும், ஐந்து நிமிஷம் தாண்டினால் மூக்கில் அடிக்க மிடஸோலம் தெளிப்பு எழுதித் தருவதும் நம் நாட்டில் வழக்கிலுள்ளவை. இரண்டும் எடைக்கேற்ப டாக்டர் குறித்துத் தரவேண்டியவை. அண்டைவீட்டுப் புட்டியைக் கடன் வாங்கலாகாது. மாத்திரை உண்ட குழந்தை தூங்கி வழியும், தள்ளாடும்; அது கண்டு மிரள வேண்டா. முற்காலத்தில் பினோபார்பிட்டால் மருந்தை ஆண்டுக்கணக்கில் தினமும் கொடுப்பார்கள். 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஈராண்டு அம்மருந்துக்கு உட்படுத்தப்பட்ட குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு சராசரியாக ஏழு புள்ளி குறைந்திருப்பதைக் கண்டது. அம்மருந்தால் வலிப்பும் குறையவில்லை.

தடுப்பூசியை நிறுத்திவிடலாமா என்று பலர் வினவுகிறார்கள். தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாள் வரை சுரம் காணலாம். அதில் அருமையாக வலிப்பும் வரலாம். ஊசியைத் தவிர்த்துத் தட்டம்மையே கண்டால் வலிப்பு அதனினும் மிகுதி. செவிலியரிடம் முன்னதாகச் சொல்லிவைத்தால் போதும். இரத்தசோகையுள்ள குழந்தைகளிடம் சுர வலிப்பு மிகுதியாய்க் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுவதால், அங்கன்வாடி வழியாக வாரம் இருமுறை தரவேண்டிய 1 மில்லி இரும்புச்சத்து மருந்தைத் தட்டில் ஊற்றிவிடாமல் குழந்தையின் வாயில் ஊற்றுவது நன்று.

இரண்டாம் முறைக்குப் பின், உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரிக்கும் காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் செல்லும் வழி, குழந்தையின் எடை, மருந்தின் அளவு, 108 ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதித் தறித் தூணில் ஒட்டினோம். பிள்ளைக்கு இப்போது நான்கு வயது கடந்துவிட்டது. ஆனிக்குப் பின் சுரம் எத்தனையோ முறை வந்தது, வலிப்பு வரவில்லை. காகிதத்தில் எடை மட்டும் மூன்று முறை அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது.