கை ஏன் தாமதிக்கிறது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஊசியில் நூல் கோக்கும் தாயை யாரும் விரட்டுவதில்லை. விரட்டினால் நூல் நுழையாது என்பதை எல்லோரும் அறிவர். கேரம் ஆட்டத்தில் குழியருகே நிற்கும் காயைச் சட்டென்று தள்ளிவிடுகிறோம். பலகையின் மறுகோடியில் நிற்கும் காய்க்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டு குறி பார்க்கிறோம். விரைவு கூடினால் குறி தவறும். குறி தவறக்கூடாது என்றால் விரைவு குறைய வேண்டும். நாள்தோறும் நாம் காணும் இவ்வுண்மைக்குப் பின்னால் எளிய கணித விதி ஒன்று இருக்கிறது. அவ்விதியை விளக்குவதும், மூளை முடக்குவாதம் உடையவர்களின் கைகளை அதன் துணையோடு புரிந்துகொள்ள முயல்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விதி பிறந்த கதை

1899-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் ஒரு சோதனை செய்தார். தாள அளவுக்கு ஏற்ப மெதுவாகவும் விரைவாகவும் கோடுகள் இழுக்கச் செய்து, அவை எவ்வளவு பிசகுகின்றன என்று அளந்தார். கண்ணைத் திறந்துகொண்டு மெதுவாக இழுத்த கோடுகளில் பிசகு குறைந்தது. கண்ணை மூடிக்கொண்டால் மெதுவாக இழுத்தும் பெரிய பயன் இல்லை. இதிலிருந்து அவர் கண்டது என்ன? கையின் ஒவ்வோர் அசைவுக்கும் இரு பகுதிகள் உண்டு. முதலில் இலக்கை நோக்கிய ஒரு வீச்சு. பிறகு கண் பார்த்துச் சொல்லச் சொல்லக் கை செய்துகொள்ளும் திருத்தம். திருத்தத்திற்கு நேரம் வேண்டும்.

1954-இல் பால் ஃபிட்ஸ் என்பவர் இதை ஒரு சமன்பாடாக வடித்தார். அவருடைய சோதனைக்கு வந்தவர்கள் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்களே. இரண்டு உலோகத் தகடுகளை மாற்றி மாற்றி, இயன்ற அளவு விரைவாக, ஓர் எழுத்தாணியால் தொட வேண்டும். தகடுகளின் அகலத்தையும் இடைத்தொலைவையும் மாற்றியபோது கிடைத்த முடிவு இது:

நேரம் = அ + ஆ × மடக்கை (2 × தொலைவு ÷ அகலம்)

இங்கே மடக்கையின் அடி 2. அ, ஆ இரண்டும் ஆளுக்கு ஆள் மாறும் மாறிலிகள். மடக்கையின் மதிப்பைக் 'கடின எண்' எனலாம். தொலைவு 20 செ.மீ., அகலம் 5 செ.மீ. என்றால் கடின எண் 3. அகலத்தைப் பாதியாக்கினால் 4. அகலத்தை மாற்றாமல் தொலைவை இரட்டிப்பாக்கினாலும் 4 தான். தொலைவு, அகலம் இரண்டையும் இரட்டிப்பாக்கினால் பழையபடி 3. 'அ' என்பது தொடங்கும் செலவு. 'ஆ' என்பது கடினம் ஒரு படி கூடும்போது நாம் கூடுதலாகக் கொடுக்கும் விலை.

கொட்டிவாக்கம் குப்பத்தில் இவ்விதியைக் கடற்கரை மணலிலேயே காணலாம். பெரிய கண் உள்ள வலையைப் பழுது பார்க்கும்போது என் தந்தையின் கை பறக்கும். நெத்திலி வலை என்றால் அதே கை நிதானிக்கும். கை மாறவில்லை, இலக்கின் அகலம்தான் மாறியது.

காரணம் என்ன?

மூளை தசைக்கு அனுப்பும் கட்டளை தூய்மையானது அன்று. வானொலியில் கரகரப்பு கலப்பதுபோல அதிலும் ஓர் இரைச்சல் கலந்திருக்கிறது. கட்டளையின் வலு கூடக்கூட இரைச்சலும் கூடுகிறது என்ற கருத்தைக் கொண்டு, ஹாரிஸ், வோல்பர்ட் என்ற இருவர் 1998-இல் ஃபிட்ஸின் விதிக்கே விளக்கம் தந்தனர். விரைவான அசைவுக்கு வலுவான கட்டளை வேண்டும். வலுவான கட்டளையில் இரைச்சல் மிகுதி. ஆகவே கை சேரும் இடம் சிதறுகிறது. சிதறலைக் குறைக்க மூளை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. எனவே மெதுவாகச் செல்வது மந்தம் அன்று. மூளை போடும் கணக்கு அது.

மூளை முடக்குவாதம்

இனி நம் பொருளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'செரிபிரல் பால்சி' எனப்படும் இந்நிலையை 1862-இல் விரிவாக விளக்கியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு அசைவையும் உடல்நிலையையும் கட்டுப்படுத்தும் ஆற்றலைக் குலைக்கிறது. இது தொற்றுநோய் அன்று. மூளையில் ஏற்பட்ட பாதிப்பும் நாளுக்கு நாள் வளர்வதில்லை. சிலருக்கு அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். ஆனால் பலருக்கு அறிவுத்திறன் மற்றவர்களைப் போன்றதே. கையையும் நாவையும் பார்த்து அறிவை எடைபோடுவதுதான் உலகம் செய்யும் பெரும் பிழை.

இதில் பல வகைகள் உண்டு. பெரும்பாலோருக்கு இருப்பது தசை இறுக்க வகை. இவ்விறுக்கத்திற்கு 1980-இல் ஜேம்ஸ் லான்ஸ் தந்த வரையறை, இயற்பியல் மாணவனாகிய என்னை வியக்க வைத்தது. தசையை எவ்வளவு விரைவாக இழுக்கிறோமோ அவ்வளவு வலுவாக அது எதிர்க்கும் என்பதே அதன் சாரம். கெட்டியான மாவில் கரண்டியை மெல்ல நகர்த்தினால் நகரும். வேகமாக இழுத்தால் தடுக்கும். பாகுநிலையைப் பற்றி நாம் படிக்கும் பாடம் போன்றதே இது. ஆக, இத்தகைய ஒருவரிடம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்வது, அவருடைய தசையையே அவருக்கு எதிராகத் தூண்டிவிடுவதாகும்.

மற்றொரு வகையில் கைகால்கள் விரும்பாமலே நெளியும், முறுக்கும். மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பு முடிச்சுகளின் பாதிப்பு இதற்குக் காரணம். பிறந்த குழந்தைக்கு வரும் கடும் மஞ்சள் காமாலையைக் கவனிக்காமல் விட்டால் இது நேரலாம். இங்கே இரைச்சலே பெரிது. ஆகவே அதே குறியை அடைய இன்னும் மெதுவாகச் செல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய குழந்தைகளை இலக்குகளைத் தொடச் செய்து அளந்த ஆய்வுகளில், ஃபிட்ஸின் விதி அவர்களுக்கும் பொருந்துவது தெரிந்தது. 'ஆ' என்னும் விலை மட்டும் அதிகம். எல்லோரிடமும் நேர்கோடு அழகாக அமைந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலரிடம் புள்ளிகள் சிதறியே கிடக்கின்றன.

என் சித்தப்பா மகள் இவ்வகையைச் சேர்ந்தவள். இயற்கணிதத்தில் விடையை என்னைவிட முன்பாகச் சொல்லுவாள். அதை எழுத அவளுக்குப் பத்து மடங்கு நேரம் ஆகும். பதற்றமோ கோபமோ வந்தால் கை மேலும் முறுக்கிக்கொள்ளும்; உறக்கத்தில் அமைதியாக இருக்கும். "அவசரப்படுத்தாதண்ணா, அப்புறம் கை என் பேச்சைக் கேக்காது" என்பாள். மருத்துவ நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அவளை முதலில் சேர்க்கச் சென்ற பள்ளியில், "மற்ற பிள்ளைகளோடு ஈடு கொடுக்க மாட்டாள்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஈடு கொடுக்க வேண்டியது கையா, அறிவா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

நம் அருகிலேயே உள்ள வழிகள்

விதியைப் புரிந்துகொண்டால் வழியும் தெரிகிறது. மாற்றக்கூடியவை மூன்று: இலக்கின் அகலம், தொலைவு, அனுமதிக்கும் நேரம். சென்னையில் இத்துறையில் உழைக்கும் நிறுவனங்கள் பல. 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் தரமணியில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் ஊரைத் தாண்டிச் சென்றால், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது.

பேச இயலாதவர்கள் விரலால் சுட்டிப் பேசும் எழுத்துப் பலகையை எடுத்துக்கொள்வோம். தமிழுக்கு 247 எழுத்துகள். 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள பலகையில் அத்தனையையும் அடைத்தால் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 3 செ.மீ. தான். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகளை மட்டும் வைத்தால் பக்கம் ஏறத்தாழ 9 செ.மீ. ஆகிறது. 'கு' என்று சொல்ல, க், உ என இரு முறை தொட வேண்டும். நமக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். 30 செ.மீ. தொலைவுக்குக் கடின எண்ணைக் கணக்கிட்டாலும் சிறு கட்டத்துக்கு ஏறத்தாழ 4.3, பெரிய கட்டங்கள் இரண்டுக்கும் சேர்த்து 5.5. ஆனால் இலக்கிலிருந்து நான்கு செ.மீ. விலகிப் போகும் கைக்குச் சிறு கட்டம் பெரும்பாலும் எட்டாக்கனி. பெரிய கட்டமோ எட்டிவிடும். நமக்குச் சுருக்கமான வழி அவர்களுக்கு மூடிய வழி.

விரலே வசப்படாதவர்களுக்கு வேறொரு முறை உண்டு. எழுத்து வரிசைகளின்மீது ஒளி ஒவ்வொன்றாக நகரும். வேண்டிய இடம் வந்ததும் தலையாலோ முழங்கையாலோ ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 'எங்கே' என்ற சிக்கலை 'எப்போது' என்ற சிக்கலாக மாற்றும் தந்திரம் இது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' என்ற பேச்சுக் கருவி, பேச இயலாத பல குழந்தைகளுக்குக் குரலாயிற்று.

தாமதிக்கும் கையால் சாதிக்க முடியுமா? ஃபிட்ஸ் தம் விதியை வெளியிட்ட அதே 1954-இல்தான், இடது காலால் எழுதக் கற்ற அயர்லாந்து எழுத்தாளர் கிறிஸ்டி பிரௌனின் 'மை லெஃப்ட் ஃபுட்' வெளிவந்தது. நம் நாட்டின் மாலினி சிப் ஒரே விரலால் தட்டச்சு செய்து தம் வாழ்க்கையை நூலாக்கினார். அது 2010-இல் வெளிவந்தது.

தேர்வு மண்டபத்தில்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே, 2013-இல், மத்திய அரசு வெளியிட்ட தேர்வு வழிகாட்டு நெறிகளில், மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடுசெய் நேரம் தர வேண்டும் என்று கூறப்பட்டது. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். 'குறைந்தது' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 'ஆ' என்னும் விலை ஆளுக்கு ஆள் மாறுவதால் எல்லோருக்கும் ஒரே அளவு போதாது. இதைச் சலுகை என்று சொல்வோர் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் என்றால் நேரமே அளக்கப்படும் பொருள். அங்கே கூடுதல் நேரம் சலுகைதான். இயற்கணிதத் தேர்வில் அளக்கப்படுவது அறிவு. அங்கே கையின் தாமதம், அளவியில் இருக்கும் சுழிப்பிழை போன்றது. ஆய்வகத்தில் வெர்னியரின் சுழிப்பிழையைக் கழிக்காமல் எழுதிய விடையை நம் பேராசிரியர்கள் ஏற்பார்களா?

என் சித்தப்பா மகள் அடுத்த ஆண்டு நம் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். இரண்டாவது ஆளாக அவள் வர வேண்டும் என்பது என் ஆசை. அவளைப் போன்றவர்கள் வரும்போது ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் செய்ய வேண்டியவை மிகச் சிலவே. ஒரு கேள்வி கேட்டால் விடைக்குக் காத்திருப்போம். பாதிச் சொல்லில் குறுக்கிட்டு நாமே முடித்துவைக்காமல் இருப்போம். அவர்கள் எழுதுவதற்குப் பெரிய தாளையும் அகன்ற மேசையையும் ஏற்பாடு செய்வோம். செய்முறை வகுப்பில் திருகு அளவியை அவர்களுக்காக நாம் திருப்பிக் கொடுத்து, அளவீட்டை அவர்களே படித்துச் சொல்லட்டும் என்று விடுவோம். இவற்றுக்கு மானியம் வேண்டாம், ஆணை வேண்டாம்; சில நிமிடப் பொறுமை இருந்தால் போதும்.