அடிப்படை வருமானமும் உழைப்பின் மாண்பும்

அனைவருக்கும் அடிப்படை வருமானம் என்னும் கருத்து இன்று பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது. புரட்சியை நாடாது, தேர்தல் வழியாகவும் வரி வழியாகவும் சமநீதியைத் தேடும் சமூக சனநாயகக் கட்சிகளும் தொழிற்கட்சிகளும் இதனை ஒருமனதாக வரவேற்றிருக்கும் என்று நாம் எண்ணலாம். உண்மை அவ்வாறில்லை. இம்மிதவாத இடதுசாரிகளிடையே இது பற்றி ஆழ்ந்த கருத்து வேற்றுமை நிலவுகிறது. அவ்வேற்றுமை நிதிக்கணக்கை மட்டும் பற்றியதன்று. மனிதருக்குச் சமுதாயத்தில் இடம் தருவது அவர் செய்யும் வேலையா, அன்றி அவர் அதன் உறுப்பினர் என்பதே போதுமா என்பதே அதன் உள்ளிருக்கும் வினா. திருப்பணியாளர் இவ்வினாவைப் புறக்கணித்தல் இயலாது.

1. கருத்தின் வரையறை

அடிப்படை வருமானத்திற்கு ஐந்து இயல்புகள் கூறப்படுகின்றன. அது பணமாகத் தரப்படும்; குறித்த கால இடைவெளியில் தரப்படும்; குடும்பத்திற்கன்றித் தனி நபருக்குத் தரப்படும்; செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் தரப்படும்; வேலை செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையின்றித் தரப்படும். ஆகவே, 2019-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் கட்சி மிக வறிய ஐந்து கோடிக் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் 72,000 ரூபாய் அளிப்பதாகக் கூறிய திட்டம் இதற்கு அண்மையதே அன்றி இதுவே அன்று.

2. தயங்குவோர் கூறும் காரணங்கள்

முதலாவது, இக்கட்சிகள் பெரும்பாலும் தொழிற்சங்கங்களின் மடியில் வளர்ந்தவை. வேலை, நேரிய கூலி, உழைப்போர் ஒற்றுமை என்பனவே அவற்றின் உயிர்மூச்சு. 1918-இல் இங்கிலாந்தில் டென்னிஸ் மில்னர் என்னும் குவேக்கர், குடிமக்கள் யாவருக்கும் அரசு வாரந்தோறும் ஒரு தொகை வழங்க வேண்டுமென எழுதினார். தொழிற்கட்சி அதனை ஆராய்ந்து, 1921-இல் மறுத்துவிட்டது. பின்லாந்தில் 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் வேலையற்றோர் 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ வழங்கிச் சோதனை நடத்தியது மையக் கட்சியின் தலைமையில் அமைந்த அரசு. அதனைக் குறைகூறியதோ அந்நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு. பெர்லின் நகரில் சமூக சனநாயகக் கட்சியினரான மேயர் மிக்கயேல் முல்லர் முன்வைத்து 2019-இல் தொடங்கிய திட்டம் அடிப்படை வருமானம் என்ற பெயரைத் தாங்கியிருந்தும், உண்மையில் நெடுநாள் வேலையற்றிருந்தோருக்குப் பொதுப்பணியில் வேலை தருவதாகவே அமைந்தது.

இரண்டாவது, பொதுநலப் பணிகள் கலைக்கப்படும் என்ற அச்சம். தடையற்ற சந்தையின் ஆதரவாளரான மில்டன் பிரீட்மன் 1962-இல் எதிர்மறை வருமான வரி என்னும் திட்டத்தை, அன்றிருந்த நலத்திட்டங்களுக்கு மாற்றாகவே முன்வைத்தார். கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பள்ளியையும் மருத்துவமனையையும் சந்தையில் வாங்கிக்கொள் என்று சொல்லும் நாள் வருமோ என இவர்கள் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் ஆதாரமற்றதன்று.

3. ஆதரிப்போர் கூறும் காரணங்கள்

ஏழைகளை மட்டும் தேர்ந்தெடுத்து உதவும் திட்டங்கள் தகுதியுள்ள பலரை விட்டுவிடுகின்றன. பெறுவோரையும் தம் வறுமையை மெய்ப்பிக்குமாறு நாணச் செய்கின்றன. சிறு வேலை கிடைத்தவுடன் உதவி நின்றுவிடுமாயின், வேலையை ஏற்பவன் தண்டிக்கப்படுகிறான். மேலும், வீட்டில் பெண்கள் ஆற்றும் பணிக்குக் கூலியே இல்லை. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டம், வருமான வரம்புக்கு உட்பட்டதாயினும், உதவித்தொகை என்னாது உரிமைத்தொகை எனப் பெயர்பெற்றமை இக்கருத்தின் சாயலே. மில்னரை மறுத்த அதே தொழிற்கட்சி, 2019-ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் அடிப்படை வருமானச் சோதனை ஒன்றை நடத்துவதாக வாக்களித்தது என்பதும் நோக்கத்தக்கது.

4. நமீபியா தரும் பாடம்

இவ்விவாதத்தில் திருச்சபையே முன்னின்ற நாடு நமீபியா. அங்கு 2002-இல் அரசு அமைத்த வரி ஆய்வுக் குழு இத்தகைய உதவியைப் பரிந்துரைத்தது. பின்னர்ச் சபைகளும் தொழிற்சங்கங்களும் கூட்டணி அமைத்தன. லுத்தரன் பேராயர் செபனியா கமீட்டா அதன் முதன்மைக் குரலாக விளங்கினார். 2008 சனவரி முதல் 2009 டிசம்பர் வரை, ஒட்சிவேரோ என்னும் வறிய குடியிருப்பில் 60 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவருக்கும் மாதம் 100 நமீபிய டாலர் வழங்கப்பட்டது. எடை குறைந்த குழந்தைகள் ஓராண்டில் நூற்றுக்கு 42-இலிருந்து 10 ஆகக் குறைந்தனர் என்று கூட்டணியின் அறிக்கை கூறுகிறது. ஒப்பிட்டு நோக்க வேறோர் ஊர் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்றும், ஆய்ந்தவர் திட்டத்தின் ஆதரவாளரே என்றும் பொருளியலார் சிலர் குறை கூறினர். விடுதலைப் போராட்டத்தில் பிறந்த சுவாப்போ கட்சியின் அரசு இதனை நாடு முழுவதற்கும் விரிக்கவில்லை. கமீட்டா 2015-இல் வறுமை ஒழிப்பு அமைச்சரான பின்னும் அது நிறைவேறவில்லை. 2016-இல் உணவுப் பொருள் வழங்கும் திட்டமே வந்தது.

5. நமது கணிப்பு

இலவசப் பணம் மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்பதே சபைகளில் அடிக்கடி எழும் மறுப்பு. 2 தெசலோனிக்கேயர் 3:10 அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். ஆனால் அப்பகுதி பேசுவது வேலை செய்ய மனமில்லாதோரைப் பற்றியே, வேலை கிடைக்காதோரைப் பற்றியன்று. பின்லாந்துச் சோதனையிலும் பணம் பெற்றோர் வேலையைக் கைவிடவில்லை. சிறிதளவு கூடுதலாகவே வேலை செய்தனர். மேலும், மூதாதையர் சொத்தின் வாடகையிலும் வட்டியிலும் வாழ்வோரை நோக்கி இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. ஏழையிடம் மட்டும் கேட்கப்படும் ஒழுக்கநெறி நீதியாகாது.

எனினும் தயங்குவோர் கூற்றையும் நாம் தள்ளிவிட இயலாது. மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் கடைசி மணி நேரத்தில் வந்தோர், தங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றே முறையிட்டனர். திராட்சத் தோட்டத்துத் தலைவர் அவர்களுக்கு வேலையும் தந்தார்; ஒரு நாள் பிழைப்புக்குரிய கூலியையும் குறைக்காது தந்தார். இரண்டில் ஒன்றைத் தந்து மற்றதை மறுக்கவில்லை.

ஆகவே எந்தத் திட்டம் முன்வைக்கப்படினும், மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். இப்பணம் பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் மேலாக வருகிறதா, அவற்றுக்கு மாற்றாக வருகிறதா? இழிவான வேலையை மறுக்கும் துணிவை ஏழைக்குத் தரும் அளவு அது போதுமானதா? அதற்குரிய வரியைச் செலுத்துவோர் யார்? இவற்றிற்கு நேரிய விடை கிடைக்குமாயின், அத்திட்டத்தை ஆதரிக்கத் திருச்சபை தயங்க வேண்டியதில்லை. விடை கிடைக்காவிடில், அதன் பெயர் எத்துணை இனியதாயினும், ஏழைகளின் சார்பில் அதனை எதிர்த்துரைப்பது நமது கடமையாகும்.