பாகம் மாறினால் குற்றமும் மாறும்: அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தின் குழப்பம்

அமெரிக்காவில் இடம்பெறும் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவங்கள் எமது நாளேடுகளின் வெளிநாட்டுப் பக்கங்களில் அடிக்கடி இடம்பிடிக்கின்றன. அத்தகைய ஒவ்வொரு சம்பவத்தின் பின்னரும், துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்த அந்நாட்டில் சட்டமே இல்லையா என்ற கேள்வி எழுவது இயல்பே. சட்டம் இல்லாமலில்லை. மாநிலச் சட்டங்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டாலும், மத்திய அரசின் சட்டங்களும் ஒழுங்குவிதிகளும் 1934 ஆம் ஆண்டு முதல் அடுக்கடுக்காக உள்ளன. சிக்கல் வேறிடத்தில் இருக்கின்றது. சட்டம் துப்பாக்கியை ஒரு முழுப் பொருளாகக் கொண்டு வகைப்படுத்துகின்றது. துப்பாக்கியோ கழற்றிப் பூட்டத்தக்க பாகங்களின் தொகுப்பு. ஒரு பாகம் மாற்றப்பட்டதும் கையிலிருக்கும் பொருள் எந்த வகையைச் சேரும் என்பதில் உரிமையாளர் மாத்திரமன்றி நீதிபதிகளும் தடுமாறி வந்துள்ளனர்.

இதன் வேர் 1934 ஆம் ஆண்டின் தேசிய சுடுகலன்கள் சட்டத்தில் உள்ளது. பாதாள உலகக் கும்பல்கள் சிக்காகோ போன்ற நகரங்களை ஆட்டிப்படைத்த காலம் அது. இயந்திரத் துப்பாக்கிகளையும் கைத்துப்பாக்கிகளையும் பதிவுக்கும் வரிக்கும் உட்படுத்துவதே சட்டமூலத்தின் ஆரம்ப நோக்கமாக இருந்தது. நீண்ட துப்பாக்கியின் குழலை வெட்டிக் குறுக்கி, அதனைக் கைத்துப்பாக்கி போல மறைத்து வைத்து எவரும் சட்டத்தை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகக் குறுங்குழல் ரைபிள்களும் சேர்க்கப்பட்டன. பின்னர் எதிர்ப்புக் காரணமாகக் கைத்துப்பாக்கிகள் சட்டமூலத்திலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுக்குக் காவலாக வைத்த விதி மட்டும் எஞ்சிவிட்டது. வீட்டை இடித்த பின்னரும் வாயிற்கதவு நிற்பது போன்ற நிலை இது.

இன்றைய அளவுகோலின்படி, தோளில் அணைத்துச் சுடும் ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைவாயின் அது பதிவு செய்யப்பட வேண்டும். பதிவின்றி வைத்திருப்போருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதே குறுங்குழலுடன், தோளில் அணைக்கும் சோங்கு இல்லாதிருந்தால் அது வெறும் கைத்துப்பாக்கி. அதற்கு இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு தேவையில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு விபரீதமானது என்பதை 1992 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு காட்டுகின்றது. தொம்சன் சென்ரர் என்ற உற்பத்தி நிறுவனம் 10 அங்குலக் குழல் கொண்ட கைத்துப்பாக்கியொன்றை விற்று வந்தது. அதனை வேட்டை ரைபிளாக மாற்றிக்கொள்வதற்கென 21 அங்குலக் குழலும் சோங்கும் அடங்கிய உதிரிப்பாகத் தொகுதியொன்றையும் தயாரித்தது. நீண்ட குழலைப் பூட்டிய பின் சோங்கைப் பூட்டினால் சட்டபூர்வமான ரைபிள். குழலை மாற்றாமல் சோங்கை முதலிற் பூட்டினால், அந்தச் சில நிமிடங்களுக்கேனும், பதிவற்ற குறுங்குழல் ரைபிள். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதே அத்தகைய ரைபிளைத் தயாரிப்பதற்கு ஒப்பாகும் என அரசாங்கம் வாதிட்டது. நிறுவனம் 200 டொலர் வரியைச் செலுத்திவிட்டு, அதனைத் திருப்பித் தருமாறு வழக்குத் தொடர்ந்தது. ஒன்பது நீதியரசர்களில் ஐவர் நிறுவனத்தின் பக்கம் நின்றனர். தர்க்கத்தில் அவர்கள் தம்முள் மாறுபட்டாலும், தண்டனை விதிக்கும் சட்டமொன்றின் பொருள் ஐயத்துக்கிடமாயின் அதன் பயன் பிரஜைக்கே சேரவேண்டும் என்பதில் ஒன்றுபட்டிருந்தனர்.

இருநூறு டொலருக்காக நாட்டின் அதியுயர் மன்றம் வரை சென்ற இவ்வழக்கின் பின்னரும் குழப்பம் ஓயவில்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் மதுசாரம், புகையிலை, சுடுகலன்கள், வெடிபொருட்கள் பணியகம் 2011 இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டது. கைத்துப்பாக்கியாகப் பிறந்ததை ரைபிளாக மாற்றி, மீண்டும் கைத்துப்பாக்கியாக்கலாம்; ரைபிளாகப் பிறந்ததைப் பதிவின்றிக் கைத்துப்பாக்கியாக்கக் கூடாது என்பதே அதன் சாரம். எனவே ஒரே உருவம், ஒரே அளவு, ஒரே பாகங்கள் கொண்ட இரண்டு துப்பாக்கிகளை மேசையில் அருகருகே வைத்தால், ஒன்று குற்றமாகவும் மற்றையது குற்றமற்றதாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்தோ அளவுகோலை வைத்தோ அதனை அறிய முடியாது. பொருளின் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும்.

எந்தப் பாகம் சட்டத்தின் முன் 'துப்பாக்கி' என்பது அடுத்த கேள்வி. 1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி 'ரிசீவர்' எனப்படும் உடற்பகுதியே துப்பாக்கியாகும். தொடரிலக்கம் பொறிக்கப்படுவதும், வாங்குபவரின் பின்னணி பரிசோதிக்கப்படுவதும் அதற்கே. குழல், சோங்கு முதலியவற்றை மத்திய சட்டத்தின் தடையின்றித் தபாலிலும் பெறலாம். ஆனால் ரிசீவருக்கு அன்று எழுதப்பட்ட வரைவிலக்கணம், சுடும் பொறிமுறையின் பிரதான உறுப்புகள் யாவும் ஒரே கூட்டினுள் அமைந்திருந்த பழைய துப்பாக்கிகளுக்கே பொருந்தியது. அமெரிக்காவில் மிகப் பரவலாக விற்பனையாகும் ஏ.ஆர். - 15 ரக ரைபிளில் அக்கூடு மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்துள்ளது. கீழ்ப்பகுதியையே பணியகம் துப்பாக்கியெனக் கொண்டு வந்தது. வரைவிலக்கணத்தை வரிக்கு வரி வாசித்தால் இரண்டில் எதுவுமே தனித்து அதற்குப் பொருந்தாது. 2016 இலும் 2019 இலும் சில வழக்குகளில் எதிரிகளின் சட்டத்தரணிகள் இதனைச் சுட்டிக்காட்டியபோது மாவட்ட நீதிபதிகள் அதனை ஏற்றுக்கொண்டனர். அரை நூற்றாண்டாக எவர் கண்ணிலும் படாத ஓட்டையா இது என நாம் வியப்பதில் தவறில்லை.

2022 இல் புதிய வரைவிலக்கணம் கொண்டுவரப்பட்டு இவ்வோட்டை அடைக்கப்பட்டது. தொடரிலக்கமின்றி, பாகங்களாகப் பெட்டியில் விற்கப்பட்டு வீட்டிலேயே பொருத்தப்படும் 'பேய்த் துப்பாக்கிகளும்' இதன்மூலம் சட்டத்தின் வரையறைக்குள் வந்தன. இவ்விதியை உயர் நீதிமன்றம் 2025 மார்ச் மாதம் 7 - 2 என்ற பெரும்பான்மையால் உறுதிப்படுத்தியது. பொருத்தாமல் பெட்டியில் வாங்கிய மேசையையும் நாம் மேசை என்றுதானே சொல்கிறோம் என்ற வகையில் அமைந்தது தீர்ப்பை எழுதிய நீதியரசர் கோர்சச்சின் தர்க்கம்.

இறக்குமதித் துப்பாக்கிகளின் கதை இன்னும் விசித்திரமானது. 1989 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஸ்ரொக்ரன் நகரப் பாடசாலையொன்றில் ஐந்து சிறுவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் போரிலிருந்து தப்பி வந்த கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள். கொலைஞன் பயன்படுத்தியது சீனத் தயாரிப்பான ஏ.கே. ரகத் துப்பாக்கி, எமது வாசகர்கள் ரி - 56 என அறிந்திருப்பதன் இனத்தைச் சேர்ந்தது. அதே ஆண்டு அத்தகைய துப்பாக்கிகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டு உள்நாட்டில் அவற்றைப் பூட்டுவதை 1990 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இதற்கென வகுக்கப்பட்ட ஒழுங்குவிதி 20 பாகங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் 10 க்கு மேல் இறக்குமதியானவையாக இருக்கக் கூடாது என்கின்றது. ரவைக்கூட்டின் அடித்தகடும் பட்டியலில் ஒரு பாகமே. ஆகவே, எல்லையில் நிற்கும் ஒருவர் உள்நாட்டு ரவைக்கூட்டைக் கழற்றி வெளிநாட்டு ரவைக்கூட்டைப் பூட்டும்போது பதினோராவது பாகத்தைச் சேர்த்துவிடலாம். துப்பாக்கியின் கொல்லும் ஆற்றலில் அணுவளவும் மாற்றமில்லை. அகதிச் சிறுவர்களின் கொலைக்கும் பத்தா பதினொன்றா என்ற எண்ணிக்கைக்கும் என்ன தொடர்பு?

அண்மைக்கால இழுபறி 'பிரேஸ்' எனப்படும் கைத்தாங்கி பற்றியது. கையில் வலுக்குறைந்த முன்னாள் படைவீரர் ஒருவருக்கு உதவும் பொருட்டு, கைத்துப்பாக்கியை முன்னங்கையுடன் பிணைக்கும் கருவியாக இது உருவாக்கப்பட்டது. இதனைப் பூட்டுவதால் வகை மாறாது என 2012 இல் பணியகம் கூறியது. பலர் அதனைத் தோளில் அணைத்துச் சுடத் தொடங்கவே, அவ்வாறு பயன்படுத்துவது குறுங்குழல் ரைபிளைத் தயாரிப்பதாகும் என 2015 இல் அறிவித்தது. 2017 இல் அந்நிலையைத் தளர்த்தியது. 2019 இல் டேற்றன் நகரில் 9 பேரும், 2021 இல் போல்டர் நகரில் 10 பேரும் இத்தகைய கைத்தாங்கி பூட்டிய ஆயுதங்களால் கொல்லப்பட்டனர். 2023 ஜனவரியில் புதிய விதி பிறந்தது. இலட்சக்கணக்கானோர் தம் ஆயுதத்தைப் பதிய வேண்டும், அன்றேல் பாகத்தைக் கழற்ற வேண்டும் என்ற நிலை உருவானது. 2024 ஜூனில் ரெக்சாஸ் மாநில மத்திய நீதிமன்றமொன்று அவ்விதியை இரத்துச் செய்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே பாகத்துக்கு இத்தனை பொருள்!

துப்பாக்கி வர்த்தகத்தின் ஆதரவாளர்கள் இக்குழப்பத்தைச் சுட்டி, கட்டுப்பாடே வேண்டாம் என்கின்றனர். நாம் அதனை ஏற்கவில்லை. ஸ்ரொக்ரனிலும் போல்டரிலும் மாண்டோருக்குச் சட்டம் கடமைப்பட்டிருக்கின்றது. ஆயினும் எது குற்றமென்று முன்கூட்டியே அறிய முடியாத சட்டம் குற்றவாளியைத் தடுப்பதில்லை. விதிகளை வாசித்து நடக்க முயல்பவரையே அச்சுறுத்துகின்றது. பொருளின் தன்மையை அறியாத ஒருவரைத் தண்டிக்கலாகாது என 1994 இல், உள்ளுறுப்புகள் மாற்றப்பட்ட ஏ.ஆர். - 15 தொடர்பான ஸ்டேபிள்ஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்ததும் இந்த அச்சத்தினாலேயே. ஆயுதத்தின் ஆபத்து எதில் உள்ளது எனத் துணிந்து வரையறுக்க வேண்டியது காங்கிரஸ் சபை. அதுவோ அப்பொறுப்பைப் பணியகத்தின் கடிதங்களிடமும் நீதிமன்றங்களிடமும் விட்டுவிட்டு, பல தசாப்தங்களாக ஒதுங்கி நிற்கின்றது.

அது இறுதியாகத் தலையிட்ட விதமும் கவனிக்கத்தக்கது. 2025 ஜூலையில் கையொப்பமிடப்பட்ட வரவு செலவுச் சட்டம், குறுங்குழல் ரைபிள்களுக்கான 200 டொலர் வரியை 2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பூச்சியமாக்கியது. 16 அங்குல எல்லையும் பதிவும் சிறைத்தண்டனையும் அப்படியே விடப்பட்டன. 1934 ஆம் ஆண்டுச் சட்டம் வரி விதிக்கும் அதிகாரத்தின் பேரிலேயே செல்லுபடியாகும் என 1937 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வரியே இல்லையெனில் பதிவு எந்த அதிகாரத்தின் பேரில் என்று வினவி வழக்குகள் ஏற்கெனவே தொடரப்பட்டுள்ளன.