விதையும் வண்ணமும்: குமாரி நாகப்பன் படைப்புகளில் பொருளின் இடம்

சிங்கப்பூர்ப் பூங்காக்களில் உதிர்ந்து கிடக்கும் சிவந்த சாகா விதைகளைப் பொறுக்கி மகிழாத குழந்தைகள் குறைவு. மலாய் மொழியில் சாகா எனப்படும் இவ்விதையைத் தமிழர் மஞ்சாடி என்றும் ஆனைக்குன்றிமணி என்றும் வழங்கினர். இதனைத் தம் கலைக்குரிய பொருளாக ஏற்றுக்கொண்டவர் குமாரி நாகப்பன். 1953இல் மலேசியாவின் கிள்ளானில் பிறந்து, உள்ளலங்கார வடிவமைப்பிலிருந்து கலைக்கு வந்து, சிங்கப்பூரில் இயங்கிவருபவர். பழக்கமற்ற பொருள்களைக் கலைஞர் ஏன் நாடுகின்றனர் என்பதை அவர் படைப்புகளைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

கலப்பு ஊடக ஓவியத்தின் தொடக்கமாக, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியைப் பிக்காசோ 1912இல் ஓவியத்தில் ஒட்டியதைக் கலை வரலாற்று நூல்கள் சுட்டும். மேலை ஓவியத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் நம் பூசையறைத் தஞ்சாவூர் ஓவியம் என்ன? மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத்தூளும் பசையும் குழைத்து மேடுயர்த்தி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, பொன்தகடு போர்த்தி அமைவது அது. வண்ணம் அதன் ஒரு பகுதி மட்டுமே. எனவே குமாரி நாகப்பனின் பொருள்கள் காட்சிக்கூடத்திற்குத்தான் புதியவை. தமிழ் இல்லத்திற்குப் புதியவை அல்ல என்பதே நம் கருத்து.

அப்பொருள்கள் தம் வரலாற்றையும் உடன் கொண்டுவருகின்றன. மஞ்சாடி பொன் நிறுக்கும் எடை. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு எனச் சோழர் காலக் கணக்கு அமைந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த அணிகலன்களின் எடை இவ்வலகுகளிலேயே கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ நான்கு விதைகள் ஒரு கிராம் நிற்கும். ஆகவே குமாரி நாகப்பன் தம் நிறுவல் படைப்புகளில் சாகா விதைகளைக் குவிக்கும்போது நாம் காண்பது வெறும் சிவப்பு நிறப்பரப்பன்று. எண்ணவும் நிறுக்கவும் பயன்பட்ட ஒரு பொருளின் பெருக்கம். இதனை அறியாத பார்வையாளர்க்கு அது அழகிய சிவப்பாக மட்டும் நின்றுவிடும்.

பொருளின் இயல்பும் கலைஞரைக் கட்டுப்படுத்தும். தேக்காவின் கடைகளில் எளிதில் கிடைக்கும் மஞ்சளை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு சேர்ந்தால் அது சிவக்கும். ஆரத்தித் தட்டில் நாம் நாளும் காணும் வேதியியல் அது. ஆனால் வெளிச்சத்தில் மஞ்சளின் நிறம் விரைவில் மங்கிவிடும். சாகா விதையின் ஓடோ மிகக் கடினமானது. நீரை எளிதில் உட்புக விடாது. ஆண்டுகள் பல கடந்தும் நிறம் மாறாது. தன் பளபளப்பால் ஒவ்வொரு விதையும் ஒரு துளி ஒளியை ஏந்தி நிற்க, பரப்பு முழுவதும் அசைவது போன்ற தோற்றம் உண்டாகிறது. அவருடைய ஓவியங்களில் வண்ணம் தடிப்பாக, அடுக்கடுக்காக ஏற்றப்படுவதும் இவ்விளைவை நாடியே எனலாம்.

பொதுமக்கள் பெரிதும் அறிந்தவை அவருடைய வெண்கலச் சிற்பங்களே. தேசிய அரும்பொருளகத்திற்காக 2006இல் உருவான மிளகாய், சாங்கி விமான நிலைய மூன்றாம் முனையத்தின் சாகா விதை, ஐயான் ஆர்ச்சர்டின் முன்னுள்ள சாதிக்காய் (2009) ஆகியன அவற்றுட் சில. ஆர்ச்சர்டு சாலைப் பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிக்காய்த் தோட்டமாக இருந்ததை, அங்குப் பொருள் வாங்க விரைவோருள் எத்தனை பேர் நினைவுகூர்வரோ! எனினும் வெண்கலத்தில் ஒற்றை விதை பேருருக் கொள்ளும்போது, பலவாய்க் குவிந்து நின்ற அதன் தன்மை இழக்கப்படுகிறது என்றே நாம் மதிப்பிடுகிறோம்.

இழப்பிற்கு ஈடாக ஒன்றும் கிட்டுகிறது. மேற்பரப்பின் சொரசொரப்பு கண்ணுக்கு மட்டும் உரியதன்று, கைக்கும் உரியது. குருவாயூர்க் கோயிலில் உருளி நிறைந்த மஞ்சாடியைக் குழந்தைகள் இரு கையாலும் அளைந்து விளையாடுவர். காட்சிக்கூடங்களில் பெரும்பாலும் அதற்கு இடமில்லை. வெட்டவெளியில் நிற்கும் வெண்கல மிளகாயையோ வழிப்போக்கர் எவரும் தொட்டுப் பார்க்கலாம். கைக்குத் தட்டுப்படுவது என்னவோ வெயிலில் காய்ந்த உலோகம்தான்.