கம்பி 10, இடைவெளி 11: வெல்டிங் பட்டறையில் ஒரு கணக்கு வகுப்பு

எஸ்.பி.எம். முடித்தவர்கள் அடுத்து என்ன படிக்கலாம் என்று காலை நிகழ்ச்சியில் பேசும் நாள்களில் தவறாமல் ஓர் அழைப்பு வரும். “பையனுக்குக் கணக்கு வராதுங்க. வெல்டிங் மாதிரி ஏதாவது கைத்தொழில்ல சேர்த்துவிடலாமா?” கேட்பவர் பெரும்பாலும் அம்மாவாக இருப்பார். அந்தக் கேள்வியில் பிள்ளை மீதான அக்கறை தெரிகிறது. கணக்கு வராதவர்கள் ஒதுங்கும் இடம் பட்டறை என்ற எண்ணமும் தெரிகிறது.

அந்த எண்ணம் சரிதானா என்று பார்க்க, கிள்ளானில் வீட்டு கிரில், கேட், படிக்கட்டுக் கைப்பிடி செய்யும் ஒரு பட்டறையில் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். உரிமையாளருக்கு இந்தத் தொழிலில் இருபது ஆண்டுக்கு மேல் அனுபவம். “கடைப் பேரும் வேண்டாம், என் பேரும் வேண்டாம் தங்கச்சி. கணக்கை மட்டும் எழுதுங்க” என்றார். எழுதுகிறேன்.

அடியும் மில்லியும்

வாடிக்கையாளர் அடியில் பேசுகிறார். வரைபடம் மில்லிமீட்டரில் வருகிறது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ., ஓர் அடி 304.8 மி.மீ. அவசரத்துக்கு ‘ஓர் அடி 300’ என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அடிக்கு 4.8 மி.மீ. விட்டுப்போகும். 12 அடி கேட்டில் அது 57.6 மி.மீ., அதாவது இரண்டே கால் அங்குலத்துக்கும் சற்று அதிகம். சுவருக்கும் கேட்டுக்கும் நடுவில் பூனைக்குட்டி புகுந்து போகலாம்.

டேப்பில் ஓர் அங்குலம் பாதி பாதியாகப் பிரிந்திருக்கும்: 1/2, 1/4, 1/8, 1/16. நம் பழைய தமிழ்க் கணக்கில் இவற்றுக்கு அரை, கால், அரைக்கால், வீசம் என்று பெயர். உரிமையாளர் 3/8 அங்குலத்தை ‘காலே அரைக்கால்’ என்றார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்த வழக்கமாம். 2/8-உம் 1/8-உம் சேர்ந்தால் 3/8. பின்னக் கூட்டல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

விரல் ஐந்து, இடைவெளி நான்கு

பட்டறையில் வேலை பழகும் தம்பிக்கு 18 வயது. சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் மாதத்தில் அவரிடம் ஒரு ஜன்னல் கிரில்லைக் கொடுத்தார்களாம். சட்டத்தின் உள் அகலம் 1,200 மி.மீ., கம்பியின் தடிமன் 12 மி.மீ. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் எந்த இடைவெளியும் 100 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை.

தம்பி 1,200-ஐ 100-ஆல் வகுத்தார். விடை 12. பன்னிரண்டு கம்பி வெட்டினார். ஓர் ஓரத்திலிருந்து 100 இடைவெளி, ஒரு கம்பி என்று அடுக்கிக்கொண்டே போனார். பத்தாவது கம்பி வைத்தபோது மீதி இருந்தது 80 மி.மீ.தான். கையில் இன்னும் இரண்டு கம்பிகள்!

கம்பியும் இடத்தைப் பிடிக்கிறது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. உரிமையாளர் அன்று திட்டவில்லையாம். “கையை விரி. விரல் எத்தனை? நடுவில எத்தனை சந்து?” என்று கேட்டிருக்கிறார். விரல் ஐந்து, சந்து நான்கு. “ரெண்டு பக்கமும் சுவர் இருந்தா?” அப்போது சந்து ஆறு. ஜன்னல் கிரில்லில் இரண்டு பக்கமும் சட்டம் இருப்பதால் கம்பியைவிட இடைவெளி எப்போதும் ஒன்று கூடுதல்.

சரியான கணக்கு இது. கம்பி 10, ஆக இடைவெளி 11. பத்துக் கம்பி பிடிக்கும் இடம் 120 மி.மீ. 1,200-இல் 120 போக 1,080. அதை 11-ஆல் வகுத்தால் 98.18. டேப்பில் 0.18-ஐக் குறிக்க முடியாது. அதனால் 98 மி.மீ. அகலத்தில் ஒரு மரக்கட்டை அறுத்து, அதை நடுவில் வைத்து வைத்து டேக் அடிக்கிறார்கள். மிஞ்சும் 2 மி.மீட்டரை இரண்டு ஓரத்துக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது.

டிஸ்க் தின்னும் இரும்பு

அடுத்தது வேலிக்கான ஹாலோ. 5 அடித் துண்டுகள் 12 வேண்டும். முழுக் கம்பி 20 அடி. அதில் நான்கு துண்டு, மூன்று கம்பி போதும் என்றுதான் நானும் நீங்களும் சொல்வோம்.

நான்கு துண்டாக்க மூன்று முறை வெட்ட வேண்டும். டிஸ்க்கின் தடிமன் 3 மி.மீ. என்றால் ஒவ்வொரு வெட்டிலும் அந்த 3 மி.மீ. இரும்பு பொறியாகப் பறந்துவிடும். மொத்தம் 9 மி.மீ. கடைசித் துண்டு 1,524 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 1,515தான் இருக்கும். 6 மீட்டர் கம்பியையும் பேச்சு வழக்கில் ‘20 அடி’ என்பவர்கள் உண்டு. அது இன்னும் 96 மி.மீ. குறைவு.

“ஒன்பது மில்லிக்காக நாலாவது கம்பி வாங்கணும்” என்று சொல்லிவிட்டு, வெட்டுவதற்கு முன்பே வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்தார். “உயரத்துல அரை அங்குலம் குறைச்சுக்கலாமா?” அவர் சம்மதித்தார். ஒரு முழுக் கம்பியின் காசு மிச்சம்.

தூக்குவதற்கு முன்

1 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஏறக்குறைய 7.85 கிலோ. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்திருந்தால் போதும். 4 அடிக்கு 8 அடித் தகடு கிட்டத்தட்ட 2.97 சதுர மீட்டர். தடிமன் 3 மி.மீ. என்றால் 2.97 × 3 × 7.85, சுமார் 70 கிலோ. ஒருவர் தனியாகத் தூக்கினால் முதுகு போகும், நழுவினால் கால் போகும். தானியங்கி கேட்டுக்கு மோட்டார் வாங்கும்போதும் இதே கணக்குதான். கேட்டின் எடை தெரியாமல் மோட்டாரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

25 கூட்டி, 20 கழித்தால்

இரும்பு, வெல்டிங் குச்சி, டிஸ்க், பெயிண்ட், கூலி எல்லாம் சேர்த்து ஒரு வேலைக்குச் செலவு 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 25 விழுக்காடு லாபம் சேர்த்து 1,000 வெள்ளி என்று விலை சொல்கிறோம். வாடிக்கையாளர் 20 விழுக்காடு தள்ளுபடி கேட்கிறார். ‘அப்படியும் 5 விழுக்காடு நிற்குமே’ என்று தோன்றும். 800-இல் 25 விழுக்காடு 200 வெள்ளி. 1,000-இல் 20 விழுக்காடும் அதே 200 வெள்ளி. கையில் நிற்பது சுழியம்.

“நல்லா ஒட்டத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க. சொந்தக் கடை போட்டு ரெண்டு வருஷத்துல மூடிட்டு, மறுபடி கூலிக்குப் போனவங்களையும் பார்த்திருக்கேன். கை குறையில்ல தங்கச்சி, இந்தக் கணக்குதான்” என்றார்.

எந்தக் கணக்கு வராது?

அன்று நான் பார்த்தவை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம், விழுக்காடு. எல்லாம் நம் தமிழ்ப்பள்ளியிலேயே சொல்லிக்கொடுப்பவை. இதைத் தாண்டி ஒன்றே ஒன்று: மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க, ஒரு பக்கம் 600, மறுபக்கம் 800 என்று குறித்து, குறுக்கே 1,000 வருகிறதா என்று தம்பி அளந்தார். “இதுதானே பைத்தகோரஸ்?” என்றேன். “ஸ்கூல்ல படிச்சேன்க்கா. இதுக்குத்தான்னு தெரியாது” என்றார்.

பள்ளியில் கணக்கில் தேறாத பிள்ளை அவர். இப்போது வீட்டுக்கு வீடு போய் அளவு எடுத்து வருகிறார்.

வானொலியிலும் இதே கதைதான். செய்திக்கு 4 நிமிடம் 40 விநாடி இருக்கிறது, பாட்டு 4 நிமிடம் 10 விநாடி என்றால், நான் பேச 30 விநாடி. தேர்வுத் தாளில் வந்தால் இந்தக் கழித்தலுக்கு யாரும் கவலைப்பட மாட்டார்கள். மணி அடிக்கும் முன் முடிக்க வேண்டும் என்றால் தானாக வந்துவிடும்.

அதனால், அழைக்கும் அம்மாக்களுக்கு என் பதில் இது: பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் தாராளமாக வெல்டிங்கில் சேருங்கள். ஆனால் கணக்கிலிருந்து தப்பிக்க என்று சேர்க்காதீர்கள். எஸ்.கே.எம். பயிற்சியின் முதல் நிலையில் சேர வழக்கமாகக் கேட்கும் தகுதி படிக்க, எழுத, கணக்கிடத் தெரிவது. அந்த மூன்றாவதை இப்போதே வீட்டில் பழக்கலாம். பத்து வெள்ளிக்குள் ஒரு டேப் கிடைக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பிள்ளை கையில் கொடுத்து, வீட்டு ஜன்னல் கிரில்லில் எத்தனை கம்பி, எத்தனை இடைவெளி, ஒவ்வோர் இடைவெளியும் எவ்வளவு என்று கேளுங்கள். முதலில் கணக்குப் போட்டுச் சொல்லட்டும், பிறகு அளந்து பார்க்கட்டும்.